மீதி ஆட்டம்

என் அண்ணன் மகன் ஹேசொங்குக்கு எங்கள் ஊரில் இன்னொரு பெயர் உண்டு. பதினஞ்சு. கால்பந்து மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே நான் சூப் கடை வைத்திருக்கிறேன். மேட்ச் முடிந்து சாப்பிட வருகிறவர்கள், நான் அவன் அத்தை என்று தெரியாமல், என் கடையிலேயே உட்கார்ந்து என் சூப்பையே உறிஞ்சிக்கொண்டு, இன்றைக்குப் பதினஞ்சு பன்னிரண்டிலேயே போய்விட்டான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களுக்கு நான் இரண்டாம் தடவை கிம்ச்சி ஊறுகாய் வைத்ததில்லை. கேட்டால் தீர்ந்துபோய்விட்டது என்பேன். உள்ளே ஜாடி நிறைய இருக்கும்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வதென்றால் அவன் நாலாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளி மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவனை எங்கள் ஊர்க் கிளப்காரர்கள் பார்த்துச் சிறுவர் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். கிளப்பிடம் அப்போது காசு இல்லை. காசு இல்லாதவர்களுக்குக் கொள்கை நிறைய இருக்கும். 'நம் மண்ணின் பிள்ளைகள், நம் அணி' என்று மைதானத்தின் சுற்றுச்சுவர் முழுக்க ஆளுயர எழுத்தில் எழுதிவைத்தார்கள். சிறுவர் அணி, அதற்கு மேல் நடுநிலைப் பள்ளி அணி, அதற்கும் மேல் உயர்நிலைப் பள்ளி அணி என்று ஏணிபோல வைத்து, பையன்களை ஒரே விடுதியில் தங்கவைத்து வளர்த்தார்கள்.

விடுதிக்குப் பெற்றோர்கள்தான் முறைவைத்துப் போய்ச் சமைக்க வேண்டும். அண்ணி மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்கு லீவு கிடைக்காது. அதனால் புதன்கிழமை முறை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்கிறேனே தவிர, எனக்குப் பிள்ளை இல்லை, கணவரும் இல்லை; புதன்கிழமைக்காகத்தான் மற்ற நாள்களை ஓட்டினேன். இருபது பையன்களுக்கு மேல் வரிசையாகக் கிண்ணத்தோடு நிற்பார்கள். ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரை அனுப்பினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பையனின் அம்மா அடுத்த வாரம் சமைக்க வராமலிருப்பதை வைத்து நாங்களே தெரிந்துகொள்வோம். ஒவ்வொரு முறையும் எங்கள் பையன் இல்லையே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஹேசொங் வேகக்காரன் இல்லை. ஆட்டம் தொடங்கி வெகுநேரம் அவன் எங்கே என்று தேடத்தான் வேண்டியிருக்கும். மீன் சந்தைக்கு வருகிற விவரமான ஆள் எல்லாக் கடையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தானே விலை கேட்பான், அதேபோல மைதானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். யாருக்கு இடது கால் வராது, யார் கோபக்காரன், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அவனுக்கு மெதுவாகத் தெரிந்துகொண்டே வரும். மற்றவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நேரத்தில் இவன் பந்தைக் கேட்டு வாங்க ஆரம்பிப்பான். அதன் பிறகு ஆட்டம் இவன் பேச்சைக் கேட்கும். எல்லாரும் ஆட்டத்தை முடிக்கிற நேரத்தில்தான் உங்கள் பையன் ஆரம்பிக்கிறான் என்று பள்ளி அணிக் கோச் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அதைத் தன் பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரிடமும் சொன்னார்.

அண்ணன் மேங் பியங்சு டவுன் பஸ் டிரைவர். ரயிலடியில் கிளம்பி, துறைமுகம் வழியாக, மைதானத்தின் முன்வாசலில் நின்று போகிற பஸ். வாரநாளில் வண்டி ஓட்டுவார். ஞாயிறு விடிந்தால் ஊரில் உள்ள நரைத்த தலைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் காலைக் கால்பந்துச் சங்கத்துக்குப் போய்விடுவார். அந்தச் சங்கத்துக்குத் தலைவர் தெருமுனைச் சலூன்காரர். அண்ணன் இடப்பக்கப் பின்வரிசை. பந்து ஒரு பக்கம் போனால் தொந்தி ஒரு பக்கம் போகும்.

வந்த பையன்களில் கடைசிவரை ஏணி ஏறி, கிளப்பின் பெரிய அணிக்குப் போனவன் ஹேசொங் ஒருவன்தான். பத்தொன்பது வயதில் ஒப்பந்தம் போட்டான். அந்த வருஷம்தான் கிளப் மேல் லீக்கிலிருந்து கீழே விழப் பார்த்தது. கீழே விழுந்தால் எல்லாருக்கும் வேலை போகும் என்ற பயம் வந்ததும், எங்கிருந்தோ காசும் வந்தது. சுவரில் எழுதியது சுவரிலேயே இருக்க, பிரேசிலிலிருந்து வாண்டர்லே என்பவனை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் ஆடுகிற இடமும் ஹேசொங் ஆடுகிற இடமும் ஒன்றுதான்.

வாண்டர்லேயைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. வந்த வாரமே கோல் போட்டான். என் கடைக்கு வந்து, காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் ஒழுக இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். எங்கள் ஊரில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கூலிப்படை என்று முகத்துக்கு நேரேயே சொல்வோம். அவன் அதையும் ஏதோ பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுவான்.

லீக்கில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முதலில் இறங்குகிற பதினொரு பேரில் இருபத்திரண்டு வயதுக்கு மேற்படாத உள்நாட்டுப் பையன் ஒருவனாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஆள் மாற்றுகிற வாய்ப்பைக் குறைத்துவிடுவார்கள். காசை அள்ளிக்கொட்டி ஆள் வாங்குகிறவர்கள் சொந்தப் பிள்ளைகளையும் ஆடவிடட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார்கள். இறங்க வேண்டும் என்று எழுதினார்களே தவிர, எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்று எழுதவில்லை.

முதல் பதினொருவரில் ஹேசொங் பெயர் முதன்முதலாக வந்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை பரீட்சையில் தேறினாலே நாற்சந்தியில் துணி கட்டி எழுதிவைக்கிற ஊர் இது. சலூன்காரர் விடுவாரா? 'மேங் பியங்சுவின் மகன் ஹேசொங் முதல் பதினொருவரில்! வாழ்த்துவது காலைக் கால்பந்துச் சங்கம்' என்று மஞ்சள் துணியில் எழுதி மைதானத்துக்கு எதிரே கட்டிவிட்டார். நானும் கடையை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள், ஹேசொங் இன்னும் சந்தையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதினஞ்சாவது நிமிஷத்திலேயே, கோட்டோரம் ஆள் மாற்றுகிற நம்பர் பலகை உயர்ந்தது. அவன் வெளியே வந்தான், வாண்டர்லே உள்ளே போனான். காலில் ஏதோ அடி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். விதிக்கு ஒரு பையன், ஆட்டத்துக்கு வாண்டர்லே என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. மஞ்சள் துணி அதற்குள் வெயிலில் வெளுத்துவிட்டது. அவிழ்த்துவிடலாமா என்று சலூன்காரர் கேட்டார். அண்ணன் வேண்டாம் என்றார்.

அண்ணனுக்கு இன்னொரு வேதனையும் இருந்தது. சனிக்கிழமை மேட்ச் நேரத்தில் அவருக்கு டூட்டி. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு வந்து முன்வாசலில் இறக்கிவிடுவதே அவர்தான். அந்த ஸ்டாப்பில் வண்டி நிற்கும்போது ஒலிபெருக்கியில் பெயர்களை வாசிப்பார்கள். கிம், லீ, பார்க் என்று போய்க்கொண்டே இருக்கும். மேங் என்ற எங்கள் குடும்பப் பெயர் ஒரே ஒரு தடவைதான் வரும். அதைக் கேட்டுவிட்டு வண்டியை எடுப்பார். டூட்டி முடித்து, சீருடையோடு மைதானத்துக்குள் ஓடிவருவார். அதற்குள் ஹேசொங் நீளக் குளிர்கோட்டை முகவாய்வரை இழுத்து மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அண்ணி இதையெல்லாம் பார்க்க மாட்டாமல் மேட்ச் நாளில் சர்ச்சுக்குப் போய்விடுவார். தன் மகன் பெரிய மைதானத்தில் பந்து உதைப்பதை அண்ணன் மூன்று வருஷமாக ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. நான் கோச்சைத் திட்டினால், முதல் பதினொருவர் என்றால் சும்மாவா, எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று என்னையே அடக்குவார்.

ஹேசொங் வாய் திறந்து குறைசொன்னதில்லை. ஒருநாள் கடை மூடும் நேரத்தில் வந்து, நான் கழுவிய கிண்ணங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். கோச் உன்னிடம் என்னதான் சொல்கிறார் என்று கேட்டேன்.

"வெறிநாய் மாதிரி ஓடுன்னு சொல்றாரு அத்தை. மூச்ச மிச்சம் வைக்காத, அவங்க பின்வரிசைக்காரனக் களைக்க வைன்னு. களைச்சதும் வாண்டர்லே வந்து கோல் போட்டுக்குவான்."

"நீ அப்படி ஆடுறவனே இல்லையேடா."

"இப்ப பழகிருச்சு" என்றான். கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, முழுசாக ஒரே ஒரு மேட்ச், கடைசி விசில் வரைக்கும் ஆடிவிட்டால் போதும் என்றான். அதை அப்பா பார்த்துவிட்டால் போதும். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை. இருபத்திரண்டு முடிய அந்த ஒரு பருவம்தான் பாக்கி இருந்தது.

பெரிய அணியின் கோச் பாங் என் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர். மேட்சுக்கு மறுநாள் காலையில் தனியாக வந்து மூலையில் உட்காருவார். ஹேசொங் பேசிவிட்டுப் போன வாரம் அவர் வந்தபோது, கொதிக்கக் கொதிக்கச் சூப்பைக் கொண்டுவந்து வைத்தேன். முட்டையை உடைத்து ஊற்றி, இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"என்ன அக்கா, இன்னும் முடிக்கவே இல்லையே?"

"நல்லாத்தான் சாப்பிட்டீங்க. போதும். அடுத்த ஆளு வந்தாச்சு."

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காலி மேசையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஒரு பையன வளக்கப் பத்து வருஷம் ஆகுது அக்கா. எனக்கு எத்தன மேட்ச் கொடுப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? வரிசையா நாலு தோத்தா பெட்டியக் கட்டணும். ஹேசொங் கடைசி அரை மணியில ஆட்டத்தத் திருப்புவான், எனக்குத் தெரியும். அதுவரைக்கும் ரெண்டு கோல் வாங்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்ப எதுக்குப் பத்து வருஷம் வளத்தீங்க?"

"வளத்தது நான் இல்ல. வாண்டர்லேய வாங்கினதும் நான் இல்ல. நடுவுல நிக்கிறவன் நான்."

அந்த ஆளை வெறுக்கத்தான் கிண்ணத்தைப் பிடுங்கினேன். அவர் சொன்னதில் பொய் இல்லையே என்று தோன்றியதும் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. சூப்பைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். ஆறியிருந்தது. அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

இலையுதிர்காலம் முடியும்போது எங்கள் அணி கீழே விழாமல் தப்பிவிட்டது உறுதியாகிவிட்டது. சொந்த ஊரில் ஒரு மேட்ச் பாக்கி. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகாத மேட்ச். அந்த வாரம் கோச் பாங் கடை வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை அண்ணன வரச் சொல்லுங்க. விசில் ஊதுற வரைக்கும் ஹேசொங் உள்ள இருப்பான்."

அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் பஸ்ஸின் இன்ஜின் மட்டும் கேட்டது. அப்புறம் டூட்டியை மாற்றிக்கொள்கிறேன் என்றார். சும்மா மாற்றிக்கொள்வார்களா? அடுத்த புத்தாண்டு அன்று வண்டி ஓட்ட ஒப்புக்கொண்ட பிறகுதான் சக டிரைவர் சனிக்கிழமையைக் கொடுத்தார். புத்தாண்டு காலையில் மூதாதையருக்குப் படையல் வைத்து முதலில் விழுந்து கும்பிட வேண்டியவர் மூத்த மகனான அண்ணன்தான். அப்பா இறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட அவர் தவறியதில்லை. என்ன அண்ணே இது என்றேன். அப்பா புரிந்துகொள்வார் என்றார்.

சனிக்கிழமை அண்ணன் இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். காலைச் சங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் வெளுத்த மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் வரிசைக்கு முன்னால் கட்டினார்கள். அண்ணிகூடச் சர்ச்சுக்குப் போகவில்லை. வாண்டர்லே பெஞ்சில் இருந்தான். ஹேசொங் மைதானத்துக்குள் வந்து எங்களைத் தேடி, பார்த்து, குனிந்து வணங்கினான். அண்ணன் எழுந்து பதிலுக்குக் குனிந்தார். மகனுக்கு அப்பா குனிகிறாரே என்று சலூன்காரர் கிண்டல் செய்தார்.

முதலில் அவன் வழக்கம்போலத்தான் ஓடினான். பந்து எங்கே போனாலும் பின்னாலேயே போய், நாக்குத் தள்ள ஓடினான். அந்தக் கால் மணி நேரம் நெருங்கியதும் ரசிகர்கள் பகுதியில் சிலர் பழக்கத்தில் பலகையைத் தேடினார்கள். அண்ணன் இரண்டு முழங்காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோச் பாங் கையைப் பாக்கெட்டில் விட்டபடி அசையாமல் நின்றார். பலகை வரவில்லை. ஹேசொங்கும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். கோச் ஆடு என்பதுபோலத் தலையசைத்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பந்து வந்தால் அவசரமாகத் தட்டிவிட்டான். பிறகு மெதுவாக, நான் புதன்கிழமைகளில் பார்த்த அந்தப் பையன் திரும்பி வந்தான். நின்றான், சுற்றிப் பார்த்தான். அரை மணி நேரம் ஆகும்போது, யாரும் எதிர்பார்க்காத பக்கமாக ஒரு பந்தைத் தள்ளிவிட்டான். எங்கள் முன்வரிசைக்காரன் அதை வாங்கி அடித்தான். கம்பத்தில் பட்டுப் போனது. கோல் இல்லை. ஆனால் மைதானமே எழுந்து நின்றது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்தியா, இப்பத்தான் ஆரம்பிக்கிறான் என்றார்.

அந்த நேரத்தில் கிளப் ஆபீஸ் ஆள் ஒருவர் படியில் வேகமாக இறங்கிவந்து கோச்சின் காதில் ஏதோ சொன்னார். கூரை போட்ட விலையுயர்ந்த இருக்கைகளில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வளைகுடா நாட்டுக் கிளப் ஒன்று வாண்டர்லேயை விலைக்குக் கேட்டிருந்ததாம். அவன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அவன் எப்போது இறங்குவான் என்று கேட்டார்களாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், கோச் பாங் தலையை ஆட்டி மறுத்ததும், அந்த ஆள் திரும்பவும் காதருகே குனிந்ததும்தான். கோச் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. பலகை உயர்ந்தது.

ஹேசொங் அதைப் பார்க்கவில்லை. இந்த ஒரு நாள் அதைத் தேட வேண்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். பந்தைக் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கூட ஆடுகிறவன் வந்து தோளைத் தொட்டுக் காட்டினான். காட்டியதும் நடந்துகூட வரவில்லை, ஓடிவந்தான். நேரத்தை வீணாக்காமல் ஓடி வெளியேற வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். கோட்டோரத்தில் வாண்டர்லே அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்கள் பாஷையில் அவனுக்குத் தெரிந்த பத்து வார்த்தைகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான், மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று. நடுவர் அதட்டிய பிறகுதான் உள்ளே போனான். போய் இரண்டு கோல் போட்டான். கூரைக்குக் கீழே கைதட்டினார்கள்.

அண்ணனும் கைதட்டினார். மகன் வெளியே வந்த நேரத்தில் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தவர், அவன் குளிர்கோட்டுக்குள் புகுந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "நல்லா ஆடினான்ல?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது தாண்டிவிட்டது, ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று ஹேசொங்கைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வாண்டர்லேயை விற்ற காசில் இன்னும் இரண்டு வெளிநாட்டுக்காரர்களை வாங்கினார்கள். விதிக்காகப் பள்ளி அணியிலிருந்து பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை மேலே ஏற்றினார்கள். கோச் பாங் அதன்பிறகு என் கடைக்கு வரவில்லை. மறு வசந்தத்தில் நாலு மேட்ச் தோற்றதும் அவரையும் அனுப்பிவிட்டார்களாம். கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஹேசொங் கீழ் லீக் கிளப்புகளைத் தேடிப் போனான். மூன்று வருஷம் மேல் லீக்கில் இருந்திருக்கிறாய், சரி, நீ முழுசாக ஆடிய மேட்ச் ஏதாவது இருந்தால் அதன் வீடியோவைக் காட்டு என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தது. ராணுவத்துக்கென்றே ஒரு தொழில்முறை அணி இருக்கிறது. அதில் இடம் கிடைத்திருந்தால் சேவைக் காலத்திலும் பந்தோடு இருந்திருக்கலாம். அங்கேயும் அதே கேள்விதான். சாதாரணச் சிப்பாயாக எல்லைப் பக்கம் போக வேண்டியதாயிற்று.

அவன் ராணுவத்துக்குக் கிளம்புவதற்கு முன் வந்த புத்தாண்டு அன்று காலையில் அண்ணன் சொன்ன வாக்குப்படி காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் இடத்தில் ஹேசொங் நின்று படையலுக்கு முன்னால் முதலில் விழுந்து கும்பிட்டான். மது ஊற்றுகிற கிண்ணத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று மெதுவாக என்னைக் கேட்டான். அவன் கும்பிட்டு எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. அன்று அவனைப் பார்த்து அழுதேன், மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலைச் சங்கத்துக்காரர்கள் ஆரம்பப் பள்ளி மைதானத்தில் அவனுக்காக ஒரு வழியனுப்பு ஆட்டம் வைத்தார்கள். ராணுவத்துக்குப் போவதற்கு முன் எங்களோடு ஒருமுறை ஆடிவிட்டுப் போ என்று சலூன்காரர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டிருந்தார். தரையெல்லாம் உறைபனி. நான் பெரிய பாத்திரத்தில் சூப் கொண்டுபோய் கோட்டோரம் பெஞ்சுக்குப் பக்கத்தில் அடுப்பை மூட்டினேன். புத்தாண்டு விருந்தின் போதை இன்னும் தெளியாமல் பாதிப் பேர் வரவில்லை. அக்கம்பக்கத்து ஆளையெல்லாம் இழுத்துவந்து, பதினொன்றுக்குப் பதினொன்று என்று எண்ணிச் சேர்த்தார்கள். பெஞ்சில் மாற்று ஆள் என்று ஒருவரும் இல்லை. அண்ணன் எப்போதும்போல இடப்பக்கப் பின்வரிசை. மகனுக்கு இரண்டடி தள்ளி நின்று, முகமெல்லாம் பல்லாக இருந்தார். ஒரே அணியில் சேர்ந்து ஆடுகிறார்களே.

விசில் ஊதியதும் ஹேசொங் ஓடினான். வெறிநாய் மாதிரி ஓடினான். எதிரே நின்றவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள், மூட்டுவலிக்காரர்கள். தம்பி, எங்களுக்குப் பேரன் பேத்தி இருக்கு, கொஞ்சம் மெதுவா ஓடுப்பா என்று கெஞ்சினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. பந்து போகிற இடமெல்லாம் பாய்ந்து பாய்ந்து போனான். சூப் கொதிவர ஆன கால் மணி நேரமும் அப்படியே ஓடினான்.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. யாரோ எடுக்கப் போனார்கள். ஹேசொங் திரும்பினான். என் பக்கம், கோட்டை நோக்கி, குறுநடையாக ஓடிவந்தான். வந்துகொண்டே கணைக்கால் காப்பைக் கழற்றினான். பெஞ்சில் கிடந்த நீளக் குளிர்கோட்டை எடுத்துப் போர்த்தி, முகவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அடிபட்டுவிட்டதோ என்று பயந்து, கரண்டியோடு ஓடிப்போய், எங்கேடா வலி என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான், மைதானத்தைப் பார்த்தான். எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை வெளிய கூப்பிடலையா அத்தை?" என்றான்.

அண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்து அவன் முன்னால் நின்றார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"உள்ள வாடா. இங்க உனக்குப் பதிலா ஆளே கிடையாது. எவனும் பலகையத் தூக்க மாட்டான். கடைசி வரைக்கும் ஆடலாம்."

ஹேசொங் எழுந்திருக்கப் பார்த்தான். பாதி எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கு மேல எப்படி ஆடறதுன்னு எனக்குத் தெரியலப்பா."

உள்ளே வாங்கப்பா என்று சலூன்காரர் மைதானத்திலிருந்து கத்தினார். அண்ணன் கையால் போங்கள் என்று காட்டிவிட்டு, மகனுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். மைதானத்தில் நின்றவர்கள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்பது பேரோடு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.